ஒரு எழுத்து மாறினால் இன்ஜினே போச்சு! ராஜபாளையம் டு ஸ்ரீவில்லிபுத்தூர்... பழைய கார் பிளக் சொல்லும் பாடம்

சாவியைத் திருப்பினால் 'கிர்ர்... கிர்ர்...' என்று முனகும். நாலாவது முறை 'படக்' என்று ஒரு சத்தம். அப்புறம் மூன்று சிலிண்டரில் நொண்டிக்கொண்டே உயிர் பிடிக்கும். வாசலில் பட்டுப்புடவையோடு காத்திருப்பவர் பொறுமை இழந்து கேட்பார்: "என்னங்க, பேசாம பஸ்ஸுலயே போயிரலாமா?"

பழைய அம்பாசடரோ ஸ்டாண்டர்டு ஹெரால்டோ வைத்திருக்கும் வீடுகளுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் 12 கிலோமீட்டர்தான். ஆண்டாளைச் சேவித்து, பால்கோவா வாங்கிக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்குள் வீடு திரும்பிவிடலாம். பஸ்ஸுக்கும் பஞ்சமில்லை. ஆனால், 'பஸ்ஸுலயே போயிரலாம்' என்ற அந்த ஒரு வார்த்தையில்தான் பல பழைய கார்களின் முடிவு தொடங்குகிறது. இன்று ஷெட்டில் நிற்கும். அடுத்த மாதம் பேட்டரி இறங்கும். ஆறு மாதத்தில் டயர் தரையோடு ஒட்டும். பிறகு ஒருநாள் காயலான் கடைக்காரர் வாசலில் வந்து நிற்பார்.

இத்தனைக்கும் காரணம் பல நேரங்களில் விரல் நீளமே உள்ள ஒரு பொருளாக இருக்கும். அதுதான் ஸ்பார்க் பிளக். அதைச் சரியாகத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தால் பாதிப் பிரச்னை தீரும். தப்பாகத் தேர்ந்தெடுத்தால், நன்றாக இருக்கும் இன்ஜினும் கெடும்.

கடையில் வரும் முதல் கேள்வி

ராஜபாளையம் இயந்திரச் சத்தத்தில் வளர்ந்த ஊர். 1936-ல் பி.ஏ.சி.ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் முதல் இன்றுவரை நூற்பாலைகள் இந்த ஊரின் அடையாளம். 'பஞ்சு மார்க்கெட்' என்பது இங்கே பஸ் நிற்கும் இடத்தின் பெயர். மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு மெஷின் சத்தத்தில் சின்ன மாற்றம் வந்தாலும் காது எட்டிப் பார்க்கும். அப்படிப்பட்ட ஊரிலும் பிளக் வாங்கப் போகிற பலர் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நடக்கும் பேச்சு இப்படி இருக்கும்.

"அண்ணாச்சி, அம்பாசடருக்கு பிளக் நாலு குடுங்க."

"பெட்ரோல் வண்டிதானண்ணே? பழைய இன்ஜினா, இசுசுவா?"

"பழசுதான். அப்பா காலத்து வண்டி."

"கழட்டுன பிளக்க கொண்டாந்தீங்களா?"

கடைக்காரர் கேட்பது சரியான கேள்விகள். டீசல் இன்ஜினுக்கு ஸ்பார்க் பிளக்கே கிடையாது. பழைய அம்பாசடர் பலவற்றில் இடையில் டீசல் இன்ஜின் மாற்றப்பட்டிருக்கிறது. பெட்ரோலிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரிலிருந்து வந்த 1,489 சிசி இன்ஜின். இன்னொன்று, 1990-களில் வந்த இசுசு இன்ஜின். பானெட்டின் மேல் எழுதியிருப்பது 'அம்பாசடர்' என்பதற்காக உள்ளே இருப்பதும் ஒன்றே ஆகிவிடாது.

கடைசிக் கேள்வியில்தான் கண்ணி இருக்கிறது. கழற்றிய பிளக்கைக் கொண்டுபோய் 'இதே மாதிரி கொடுங்கள்' என்று வாங்குவதுதான் எல்லோரும் செய்வது. ஆனால், அந்தப் பிளக்கே தப்பாக இருந்தால்? நாற்பது, ஐம்பது வருடக் காரை எத்தனையோ கைகள் திறந்து மூடியிருக்கும். அவசரத்துக்கு எந்த மெக்கானிக் எந்தக் கடையில் கிடைத்ததை மாட்டினாரோ! அதனால் பழைய பிளக்கைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம். தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தீர்ப்பு, காரின் கையேட்டிலும் இன்ஜின் ஹெட்டிலும் இருக்கிறது.

ஒரு எழுத்து... ஆறு மில்லிமீட்டர்

பிளக்கின் மரை எவ்வளவு நீளம் என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. பழைய கார்களில் அகலம் பெரும்பாலும் 14 மில்லிமீட்டர். அதனால் எந்தப் பிளக்கும் எந்தக் காரிலும் ஏறிவிடும். ஆபத்தே அதுதான். நீளம் மட்டும் வேறு.

1,489 சிசி அம்பாசடர் இன்ஜினுக்கு மரை நீளம் 19 மில்லிமீட்டர். சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் 948 சிசி இன்ஜினுக்கு 12.7 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குலம். என்.ஜி.கே பிளக்கில் அம்பாசடருக்குப் பொருந்துவது 'பி.பி.6.இ.எஸ்'. ஹெரால்டுக்குப் பொருந்துவது 'பி.பி.6.எச்.எஸ்'. இரண்டு அட்டைப்பெட்டிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 'இ', 'எச்' என்ற ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். அந்த ஓர் எழுத்துக்குள் 6.3 மில்லிமீட்டர் ஒளிந்திருக்கிறது. போஷ் பிளக்கிலும் இதே கதைதான். 19 மில்லிமீட்டருக்கு 'டபிள்யூ.7.டி.சி', 12.7 மில்லிமீட்டருக்கு 'டபிள்யூ.7.பி.சி'.

ஹெரால்டில் நீளமான பிளக்கைப் போட்டால் அதன் முனை சிலிண்டருக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். மேலே வரும் பிஸ்டனோ வால்வோ அதில் இடித்தால் பிளக் நசுங்குவதோடு போகாது. இன்ஜினைப் பிரிக்க வேண்டிவரும். இடிக்காமல் தப்பினாலும், உள்ளே நீட்டியிருக்கும் மரை பழுக்கக் காய்ந்து, பொறி வருவதற்கு முன்பே பெட்ரோலைப் பற்ற வைக்கும். அந்த மரைமீது கரி படிந்துவிட்டால், கழற்றும்போது ஹெட்டின் மரையையும் சேர்த்துக் கிழித்துக்கொண்டு வரும். அப்புறம் லேத் பட்டறைதான் கதி.

அம்பாசடரில் குட்டைப் பிளக்கைப் போட்டால் உடனே எதுவும் உடையாது. அதனால்தான் பலருக்குத் தெரிவதே இல்லை. பொறி பள்ளத்துக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். வண்டி இழுக்காது, பெட்ரோல் குடிக்கும். காலியாகக் கிடக்கும் கீழ் மரைகளில் கரி இறுகும். பின்னால் ஒருநாள் சரியான பிளக்கைக் கொண்டுவந்தாலும் அது ஏறாது.

கையேடு இல்லையா? நீளமான மெல்லிய கம்பியின் நுனியைக் கொக்கிபோல லேசாக வளைத்து, பிளக் ஓட்டைக்குள் விட்டு, மரை முடியும் கீழ் விளிம்பில் மாட்டுங்கள். வாஷர் உட்காரும் மட்டத்தில் கம்பியில் குறி வைத்து, வெளியே எடுத்து ஸ்கேலில் வையுங்கள். 13-ஐ ஒட்டி வந்தால் குட்டை. 19 வந்தால் நீளம். இரண்டு நிமிட வேலை இது.

பால்கோவா அடுப்பும் பிளக் சூடும்

நீளம் சரியாகிவிட்டது. அடுத்தது சூடு. இதைப் புரிந்துகொள்ள ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா அடுப்பை நினைத்துக்கொண்டால் போதும். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற இந்தப் பால்கோவாவுக்குச் சேர்மானம் பாலும் சர்க்கரையும்தான். மீதியெல்லாம் தீயின் பக்குவம். தீ குறைந்தால் பால் சுண்டாது. கூடினால் அடிப்பிடிக்கும்.

பிளக் முனைக்கும் அப்படி ஒரு பக்குவம் உண்டு. சுமார் 450 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால், முனையில் படியும் கரி எரியாமல் சேர்ந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில் மின்சாரம் பொறியாகப் பாயாமல் கரி வழியே கசிந்துவிடும். சுமார் 850 டிகிரியை நெருங்கினால் முனையே கங்குபோலக் கனன்று, நேரம் கெட்ட நேரத்தில் பெட்ரோலைப் பற்ற வைக்கும். பிஸ்டனில் ஓட்டை விழுவது இப்படித்தான்.

இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவே முனையை வைத்திருக்கவே மெக்கானிக்குகள் 'ஹாட் பிளக்', 'கோல்டு பிளக்' என்று பிரித்துச் சொல்கிறார்கள். உள்ளே இருக்கும் வெள்ளைப் பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் சூடு மெதுவாக வெளியேறும். அது ஹாட் பிளக். மூக்கு குட்டையாக இருந்தால் சூடு சீக்கிரம் ஹெட்டுக்கு இறங்கிவிடும். அது கோல்டு பிளக். ஹாட் பிளக் என்றால் பொறி பலமாக இருக்கும் என்று நினைப்பவர்கள் நிறைய பேர். பொறிக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமே இல்லை.

எது வேண்டும் என்பதை வண்டி ஓடும் விதம்தான் முடிவு செய்யும். ரயில்வே ஸ்டேஷனுக்கும் கடைவீதிக்குமாக இரண்டு கிலோமீட்டர், மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடும் கார், முனை சூடாவதற்குள் வீடு திரும்பிவிடும். பிளக் கரி பிடிக்கும். அப்படிப்பட்ட அம்பாசடருக்கு ஒருபடி ஹாட்டான 'பி.பி.5.இ.எஸ்' உதவலாம். ஆனால், அதே காரில் நாலு பேரை ஏற்றி, சாமான்களும் அடுக்கி, வெயிலில் மதுரைவரை போவதாக இருந்தால் 6-ம் எண்ணே பத்திரம். எண்ணை மாற்றுவதற்கு முன் இன்னொரு மலிவான வைத்தியமும் உண்டு. வாரம் ஒருமுறை ஸ்ரீவில்லிபுத்தூர்வரை ஓட்டிவிட்டு வாருங்கள். நெடுஞ்சாலையில் இருபது நிமிடம் ஒரே சீராக ஓடினால், லேசாகப் படிந்த கரி தானாகவே எரிந்துவிடும்.

எண்கள் செய்யும் குழப்பம்

இந்த எண்களைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும். என்.ஜி.கே-யில் எண் கூடினால் கோல்டு. சாம்பியனிலும் இன்றைய போஷிலும் எண் கூடினால் ஹாட். அதாவது, நேர் எதிர்!

நம் ஊரில் பழைய ஆட்கள் பிளக்கைப் 'பிளக்' என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். 'மைக்கோ' என்பார்கள். 1951-ல் பெங்களூருவில் தொடங்கிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியின் சுருக்கப் பெயர் அது. 2008-ல் அந்த நிறுவனத்தின் பெயர் போஷ் என்றே மாறியது. பழைய மைக்கோ டப்பாக்களில் 'டபிள்யூ 145', 'டபிள்யூ 175', 'டபிள்யூ 225' என்று மூன்று இலக்க எண் இருக்கும். அந்தக் கணக்கில் எண் கூடினால் கோல்டு. பின்னால் வந்த ஒற்றை இலக்கக் கணக்கில் எண் கூடினால் ஹாட். ஒரே குடும்பத்துப் பிளக்கிலேயே கணக்கு தலைகீழாகிவிட்டது. அதனால் தாத்தாவின் டைரியில் இருக்கும் எண்ணை வைத்து 'ஒரு நம்பர் கூட்டிக் கொடுங்க' என்று கடையில் கேட்காதீர்கள். எந்த கம்பெனியின் எண், எந்தக் காலத்து எண் என்று பார்த்து, ஒப்பீட்டுப் பட்டியலில் சரிபார்த்த பிறகே வாங்குங்கள்.

விலை உயர்ந்த இரிடியம் பிளக் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பிளாட்டினப் பாயின்ட், சாதா காயில் உள்ள பழைய இன்ஜினுக்குச் சாதாரண நிக்கல் பிளக் போதும். கார்புரேட்டர் கொஞ்சம் பெட்ரோலைக் கூடுதலாக விட்டாலும் கரி பிடிப்பது எல்லாப் பிளக்குக்கும் பொது. நிக்கல் பிளக்கைத் துடைத்து, இடைவெளி சரிசெய்து மறுபடி போடலாம். இரிடியத்தின் ஊசி முனையைப் பிரஷ் போட்டுத் தேய்த்தால் அதோடு சரி. 'ஆர்' என்ற எழுத்து உள்ள பிளக்குக்குள் ரேடியோ இரைச்சலைக் குறைக்கும் ரெசிஸ்டர் இருக்கும். எலெக்ட்ரானிக் இக்னிஷன் மாற்றிய வண்டிக்கு அதுதான் நல்லது.

புதுப் பிளக் என்றாலும் இடைவெளியை அளக்காமல் மாட்டக் கூடாது. 1,489 சிசி அம்பாசடர் இன்ஜினுக்கு அது சுமார் 0.64 மில்லிமீட்டர். பக்கவாட்டுக் கம்பியை மட்டும் மெல்ல வளைக்க வேண்டும். நடு முனையை நெம்பினால் பீங்கான் விரிசல் விடும். மாட்டும்போது முதலில் கையால் முழுவதும் திருகுங்கள். கையால் ஏறவில்லை என்றால் மரை குறுக்கே போகிறது என்று அர்த்தம். வாஷர் உட்கார்ந்த பிறகு ஸ்பேனரில் அரைச் சுற்று, மிஞ்சினால் முக்கால் சுற்றுக்குள். அவ்வளவுதான்.

12 கிலோமீட்டர் பரீட்சை

பிளக் சரியா, தப்பா என்பதைச் சாலைதான் சொல்லும். அதற்கு ராஜபாளையம் - ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையைவிடத் தோதான இடம் அமைவது கஷ்டம். மதுரை - கொல்லம் நெடுஞ்சாலையின் ஒரு பகுதி இது. காலை வெயில் ஏறுவதற்கு முன் கிளம்புங்கள். இடப்பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வரும். சாம்பல் நிற மலை அணில்களின் சரணாலயமாக 1988-ல் அறிவிக்கப்பட்ட காடு அந்தச் சரிவுகளில்தான் இருக்கிறது. 2021-ல் அது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமும் ஆனது. அடிவாரத்துத் தென்னந்தோப்புகள், கண்மாய்கள், இடையிடையே மில் புகைபோக்கிகள். கொஞ்ச நேரத்தில் தூரத்தில் 192 அடி கோபுரம் தலைகாட்டும். பதினொரு நிலைகள். அரசு முத்திரையில் பார்த்துப் பழகிய அதே கோபுரம்தான்.

பாதித் தூரம் தாண்டியதும் டாப் கியரில் ஒரே வேகத்தில் விடுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் வந்ததும் ஓரமாக நிறுத்தி உடனே இன்ஜினை அணைத்துவிடுங்கள். 'பார்க்கிங் கிடைக்கிற வரைக்கும் ஓடட்டும்' என்று நிறுத்திவைத்தே ஓடவிட்டால், ஐட்லிங் கரி வந்து மூடிவிடும். சாலை எழுதியது அழிந்துபோகும். ஓடும்போதே இக்னிஷனை அணைத்துப் பார்க்கும் பந்தயக்காரர் வேலையெல்லாம் நெடுஞ்சாலையில் வேண்டாம்.

சூட்டோடு பிளக்கைக் கழற்றவும் கூடாது. கோயிலுக்குப் போய் ஆண்டாளையும் வடபத்ரசாயியையும் சேவித்துவிட்டு, பால்கோவா கடையில் சுடச்சுட ஒரு பொட்டலம் முடித்துவிட்டு வாருங்கள். நீங்கள் திரும்புவதற்குள் இன்ஜின் கை பொறுக்கும் அளவுக்கு ஆறியிருக்கும்.

முட்டை அட்டையில் நாலு பிளக்

கழற்றும் முன் பிளக்கைச் சுற்றியுள்ள தூசியை ஊதிவிடுங்கள். இல்லாவிட்டால் அது நேராக சிலிண்டருக்குள் விழும். கழற்றிய நான்கையும் ரேடியேட்டர் பக்கமிருந்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று முட்டை அட்டையில் வரிசை மாறாமல் செருகுங்கள். எந்தப் பிளக் எந்த சிலிண்டரிலிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் பார்ப்பதில் பயனில்லை.

நான்குமே காய்ந்த கரியாக இருந்தால், சோக் முழுவதும் திரும்பவில்லை, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது அல்லது கார்புரேட்டர் அதிகம் விடுகிறது. அப்போது பிளக்கை மாற்றி மாற்றிப் போடுவது வீண் செலவு. ஒன்று மட்டும் எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்திருந்தால், அந்த சிலிண்டரின் ரிங்கையோ வால்வு கைடையோ பாருங்கள். நான்கும் சுண்ணாம்பு வெள்ளையாக, கொப்புளம் கொப்புளமாக இருந்தால் அதுதான் அபாயம். பெட்ரோல் போதவில்லை, டைமிங் முன்னால் போயிருக்கிறது அல்லது பிளக் ரொம்ப ஹாட். அந்த நிலையில் வண்டியை விரட்டாமல், மெதுவாக வீடு கொண்டுபோய்ச் சேருங்கள்.

நல்ல பிளக் என்ன நிறம்? 'பிஸ்கட் கலர்' என்பார்கள் அனுபவசாலிகள். அது ஈயம் கலந்த பெட்ரோல் காலத்துப் பாடம். இந்தியா முழுவதும் 2000-ம் ஆண்டு பிப்ரவரியோடு ஈயப் பெட்ரோல் நின்றுபோனது. இன்றைய பெட்ரோலில் நல்ல பிளக்கின் பீங்கான் அதைவிட வெளிறித்தான் இருக்கும். அந்தப் பழைய பிஸ்கட் நிறம் வருகிறவரை கார்புரேட்டரைத் திருகிக்கொண்டே போனால், தேவைக்கு மேல் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டிருப்போம்.

இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் எரிய, காற்றோடு ஒப்பிட்டால் எரிபொருள் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். புதிய கார்களில் கம்ப்யூட்டர் அதைப் பார்த்துக்கொள்ளும். பழைய கார்புரேட்டருக்கு அது தெரியாது. அதனால் பிளக் இன்னும் வெளுக்கலாம். அதற்கு மருந்து கோல்டு பிளக் அல்ல. எஸ்.யூ கார்புரேட்டர் உள்ள அம்பாசடரில் ஜெட்டைச் சற்றே இறக்கி, கலவையைச் சரிசெய்ய வேண்டும். பழைய ரப்பர் குழாய்களையும் அப்படியே மாற்றிவிடுவது நல்லது. எத்தனாலுக்கு அவை சீக்கிரம் நைந்துபோகும்.

தேருக்கும் மாற்றினார்கள்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். அவ்வளவு பெரிய தேர், ஒரு காலத்தில் நிலைக்குத் திரும்ப நாள்கணக்கில் ஆகும். பிறகு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தினார்கள். இப்போது சில மணி நேரத்தில் நிலை சேர்ந்துவிடுகிறது. சக்கரம் மாறியதால் அது வேறு தேர் ஆகிவிடவில்லை. ஆண்டாள் அதே தேரில்தான் வீதி வருகிறாள். அளவு பார்த்து, எடை பார்த்து, தேருக்கு ஏற்றதைப் பொருத்தியதால் அது ஓடுகிறது.

வீட்டிலிருக்கும் பழைய காருக்கும் வேண்டியது அவ்வளவுதான். கடையில் இருப்பதிலேயே விலை உயர்ந்ததோ, கைக்கு முதலில் கிடைத்ததோ அல்ல. அந்த ஹெட்டுக்கு ஏற்ற நீளம், அந்த ஓட்டத்துக்கு ஏற்ற சூடு, அளந்து வைத்த இடைவெளி. நாலு பிளக்கையும் துடைத்து, வரிசை மாறாமல் மாட்டி, வயர்களைச் செருகிவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டால், ஊர் திரும்பும் வழியில் பின்சீட்டிலிருந்து வேறு ஒரு கேள்வி வரும்.

"அடுத்த வாரம் அய்யனார் கோயில் அருவிக்குப் போவோமா?"